பாதியில் நிறுத்தப்பட்ட வீராங்கனைகள்

2024 பெப்ரவரி 15ஆம் திகதி இரவு அமிர்தசரஸில் கவிதா சௌத்ரி மாரடைப்பால் காலமானார். வயது 67. இந்தியப் பத்திரிகைகள் பலவும் அவரை 'லலிதாஜி' என்றே நினைவுகூர்ந்தன. எண்பதுகளில் வந்த சர்ஃப் சலவைத்தூள் விளம்பரத்தில் கறாராகக் கணக்குப் பேசுகிற குடும்பத்தலைவி லலிதாஜி. எனக்கு அவர் கல்யாணி சிங். தூரதர்சனில் 1989 முதல் 1991 வரை வந்த 'உடான்' தொடரின் பொலிஸ் அதிகாரி. 30 பகுதிகளோடு முடிந்துபோன தொடர் அது.

செய்தியைப் படித்தபோது திகதிதான் முதலில் கண்ணில் பட்டது. 1982இல் இதே பெப்ரவரி 15இல்தான் எங்கள் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் என் மனதில் இரண்டும் சேர்ந்துகொண்டன. சேர்ந்ததும் பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்துவிட்டன. பெண் ஒருத்தி முன்னால் நின்று ஓடி, துரத்தி, அடித்துப் பிடிக்கிற பழைய தொலைக்காட்சித் தொடர்கள். பெரும்பாலானவை ஒரு வருடம்கூட நிலைக்காதவை. அவற்றைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பதிவு நீளமாகத்தான் வரும். ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் எங்கள் ஊர்க் கதை.

ரூபவாஹினியின் பிரதான கோபுரம் பிதுருதலாகல உச்சியில் இருக்கிறது. 2,524 மீற்றர். இலங்கையில் அதற்கு மேல் நிலம் இல்லை. ஜப்பான் அரசாங்கத்தின் உதவியோடு வந்த நிலையம் அது. கொழும்பில் செய்தி வாசிக்கிறவரின் முகம் முதலில் நுவரெலியா மலைக்கு ஏறி, அங்கிருந்துதான் ஊர் ஊராக இறங்கும். நாங்கள் இருந்தது நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பை நிமிர்த்தினால், மூடுபனி இல்லாத நாளில் அந்த மலை எதிரே தெரியும்.

நாட்டுக்கே படம் அனுப்புகிற மலை எங்கள் தலைக்கு மேலே. தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலோ கரண்ட் கிடையாது. துரை பங்களாவிலும் ஸ்டோரிலும் ஸ்டாப் வீடுகளிலும் விளக்கு எரியும். லயத்துக் காம்பிராவில் குப்பிலாம்புதான். தொண்ணூறுகளுக்குப் பிறகும் மின்சாரம் எட்டாத லயங்கள் எத்தனையோ இருந்தன. அதனால் டீவி வைத்திருந்த ஒன்றிரண்டு வீடுகளில் அது பேட்டரியில் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் பெட்டியாக இருந்தது. பேட்டரி இறங்கிப்போனால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் போட்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் பேட்டரியோடு இறங்குகிற அண்ணன்மாரைப் பார்த்தால் அன்று இரவு படம் உண்டு என்று அர்த்தம்.

கோபுரம் பக்கத்தில் இருப்பதால் படம் பளிச்சென்று தெரியும் என்று நினைக்கவேண்டாம். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போகிற ஒன்று. நடுவில் ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளத்து லயத்துக்குப் படம் வராது. வந்தாலும் எதிர்மலையில் பட்டுத் திரும்பி, ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். மேல்கணக்கில் ஒழுங்காகத் தெரிகிற படம் கீழ்க்கணக்கில் புள்ளிமழையாகப் பெய்யும். கூரைமேல் ஒரு பையன் நின்று அன்டெனாக் கம்பத்தைத் திருப்ப, வாசலில் இன்னொருத்தன், காம்பிராவுக்குள் மூன்றாவது ஆள். "வருதா?" "இல்ல!" "இப்ப?" "லேசா!"

அப்படிப் பார்த்ததில் பெண்கள் எல்லாருக்கும் பிடித்தது 'ஓஷின்'. வறுமையால் ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஜப்பான் பிள்ளையின் கதை. கொழும்புப் பங்களாக்களுக்கு வேலைக்குப் போன எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கதையும் அதுதான், ஆகவே சிங்களத்தில் பேசினாலும் எல்லாருக்கும் விளங்கியது. 297 பகுதிகள் கொண்ட தொடர் அது; இங்கே பேச வந்த வகையும் அல்ல. ஆனாலும் அழுது அழுது பார்த்த ஒன்றின் பக்கத்தில்தான், அழாமல் பார்த்த மற்றொன்று வந்து சேர்ந்தது.

என் அத்தை எண்பதுகளின் நடுவில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்து திரும்பியபோது ஒரு டெக்கும் கொஞ்சம் வீடியோக் கேசட்டுகளும் கொண்டுவந்தார். கேசட்டுகள் அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சலித்துக் கழித்தவை. மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. தமிழ்ப்படம் ஏற்றிக்கொள்ளலாம் என்று அத்தைக்கு எண்ணம். மாரியம்மன் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, எம்.ஜி.ஆர். படம் இரண்டு ஓட்டி முடித்த பிறகு, விடிய இன்னும் நேரம் இருந்ததால் அந்தப் பெயரில்லாக் கேசட்டுகளில் ஒன்றைப் போட்டார்கள்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். மெதுவாக, மிக மெதுவாக, கூந்தல் அலைந்து அலைந்து. கூடவே இரும்பு இழுபடுவதுபோல ஒரு சத்தம். ஓடிவந்தவள் ஒரு மதிலை ஒரே தாவில் தாண்டினாள். அடுத்த காட்சியில் வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள்.

அது 'த பயோனிக் வுமன்'. லின்ட்சி வாக்னர் நடித்த ஜேமி சொமர்ஸ். பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். ஜேமி ஒரு டென்னிஸ் வீராங்கனை. பரசூட்டில் குதிக்கும்போது விபத்து. இரண்டு காலும் வலது கையும் வலது காதும் போய்விட, அரசாங்கம் இயந்திர உறுப்புப் பொருத்திக் காப்பாற்றுகிறது. பதிலுக்கு உளவு வேலை செய்யச் சொல்கிறது. ஜேமி ஒரு பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை, மறுபக்கம் உளவாளி. 1975இல் 'த சிக்ஸ் மில்லியன் டொலர் மேன்' என்ற ஆண் நாயகன் தொடரில் இரண்டே பகுதிக்காகப் படைத்த பாத்திரம். கதைப்படி அதிலேயே இறந்தும் போனாள். பார்த்தவர்கள் விடவில்லை. கடிதங்கள் குவிந்தன. உயிர்ப்பித்துக் கொண்டுவந்து 1976 ஜனவரியில் அவளுக்கென்றே தனித்தொடர் கொடுத்தார்கள். 1977இல் லின்ட்சி வாக்னருக்குச் சிறந்த நடிகைக்கான எமி விருதும் கிடைத்தது. அதே வருடம் ஏ.பி.சி. நிறுவனம் தொடரைக் கைவிட்டது. என்.பி.சி. எடுத்து ஒரு பருவம் ஓட்டிவிட்டு 1978இல் முடித்தது. மொத்தம் 58 பகுதிகள்.

இந்த வகையில் 58 என்பது நீண்ட ஆயுள். மற்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அன்றிரவு எங்கள் லயத்துப் பெண்கள் அதைப் பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும். அங்கேதான் எனக்கு விஷயம் இருக்கிறது.

ஆண்கள் பாதிப்பேர் எம்.ஜி.ஆர். முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்தபடியே இருந்தார்கள். யாருக்கும் ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது. ஜேமி ஒரு இரும்புக் கதவைப் பிடுங்கியபோது ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. என் அப்பாயி கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு இடுப்பு நோவாதா?" பக்கத்திலிருந்த இன்னொரு அக்கா, "ராவைக்கு நோவும் அப்பாயி, அத காட்டமாட்டானுக" என்றார். மதில் தாண்டுகிற காட்சி வந்தபோது, சேலையைத் தூக்கிச் செருகாமல் அப்படித் தாண்ட முடியாது, நல்லவேளை காற்சட்டை போட்டிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்களுக்கு அது அதிசயம் இல்லை. வேலை. படங்கைச் சுற்றிக்கட்டி, முதுகில் கூடையோடு, அட்டை கடிக்க, மழையில் வழுக்குகிற செங்குத்து மலையில் நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். 16, 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; இல்லாவிட்டால் அரைப்பேர். பெண்ணின் உடம்புக்குப் பலம் உண்டு என்பதைத் திரையில் காட்டி நிரூபிக்கவேண்டிய தேவை அங்கே யாருக்கும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பலத்தைத் திரையில் யாரும் அதுவரை காட்டவில்லை. எங்கள் பெண்கள் படத்தில் வந்தால் பாட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்று இலையைத் தொடுவார்கள், அவ்வளவுதான். நாயகி மழையில் ஓடுவாள், துரத்தப்படுவாள், யாராவது வந்து காப்பாற்றுவார்கள். இங்கே ஒருத்தி துரத்திக்கொண்டு ஓடுகிறாள். அதுவும் அவளுடைய உத்தியோகத்துக்காக ஓடுகிறாள்.

வருடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதுவரை, அதே மலையில் அதே மழையில் நின்றாலும் பெண்பேருக்குக் குறைந்த காசுதான். நாங்கள் ஜேமியைப் பார்த்தது அதற்குப் பின்னால். சமசம்பளம் வாங்கத் தொடங்கியிருந்த பெண்கள், சம்பளத்துக்கு ஓடுகிற ஒருத்தியைப் பார்த்தார்கள். இந்த இரண்டையும் நான் பிரித்து நினைப்பதே இல்லை.

கடைசிப் பகுதியைப் பல வருடம் கழித்து இணையத்தில்தான் பார்த்தேன். ஜேமிக்கு அலுத்துவிடுகிறது. ஒரு சின்னப்பிள்ளை அவளை 'ரோபோ பொம்பிளை' என்று சொல்லிவிட, அது சுடுகிறது. இராஜினாமாக் கடிதம் கொடுக்கிறாள். அரசாங்கம் ஏற்கவில்லை. உன் உடம்பில் இருப்பது எங்கள் சொத்து என்கிற மாதிரி, காவலோடு ஓர் இடத்தில் அடைத்துவைக்கப் பார்க்கிறது. இத்தனை காலம் யாருக்காக ஓடினாளோ அவர்களிடமிருந்தே தப்பி ஓடுகிறாள். சாகசத் தொடர் ஒன்றின் முடிவு இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உழைக்கிற உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தோட்டத்தில் பிறந்தவளுக்குப் புதிதல்ல. என் அத்தையின் கடவுச்சீட்டு குவைத்தில் அவர் கையில் இருக்கவில்லை.

இணையம் வந்த பிறகு மற்றவர்களைத் தேடிப் போனேன். தேடத் தேட ஒரு பெரிய குடும்பமே கிடைத்தது. முக்கால்வாசிப்பேர் அற்பாயுசு.

மூத்தவள் 'டிகோய்'. 1957இல் தொடங்கி 1958இல் முடிந்தது. 39 அரைமணிப் பகுதிகள். பெவர்லி கார்லண்ட் நடித்த கேசி ஜோன்ஸ் நியூயோர்க் பொலிஸின் பெண் அதிகாரி. அமெரிக்காவில் ஒரு பெண் பொலிஸை நடுநாயகமாக வைத்து வந்த முதல் தொடர். நியூயோர்க் பெண் பொலிஸ் பிரிவுக்கே அதைச் சமர்ப்பித்திருந்தார்கள். மாறுவேடம் போட்டுக் குற்றவாளிகளுக்கு நடுவில் போய் உட்காருவது கேசியின் வேலை. பகுதி முடிவில் நேராகக் கமெராவைப் பார்த்து நம்மோடு பேசுவாள். வெற்றிப்பேச்சு இல்லை, அன்றைய வழக்கு அவளுக்குள் விட்டுப்போன பாரம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசுகிற பெண்ணின் குரல். இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவள் கேசிதான்.

'ஹனி வெஸ்ட்' 1965, 66இல் வந்தது. 30 பகுதிகள். அப்பா விட்டுப்போன துப்பறியும் நிறுவனத்தை மகள் எடுத்து நடத்துகிறாள். ஜூடோ தெரியும், உதட்டுச்சாயக் குழாய்க்குள் வானொலிக் கருவி, வீட்டில் புரூஸ் என்று ஒரு காட்டுப்பூனை. ஆன் பிரான்சிஸ் அதை நடித்த விதத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது. பயம் என்பதே தெரியாத பெண் அல்ல, பயந்தாலும் கதவைத் திறந்து பார்க்கிற பெண். கோல்டன் குளோப் விருது கொடுத்தார்கள். தொடரையும் நிறுத்தினார்கள். சொந்தமாக ஒரு தொடரை எடுப்பதைவிட பிரித்தானியாவிலிருந்து 'தி அவெஞ்சர்ஸ்' தொடரை வாங்கிப் போடுவது ஏ.பி.சி.க்கு மலிவாக முடிந்தது என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அவெஞ்சர்ஸிலும் எம்மா பீல் என்ற சண்டைக்காரி உண்டு. ஒரு பெண்ணுக்கு இடம் கொடுக்க இன்னொரு பெண்ணை இறக்கிவிட்ட கதை.

1974ஆம் வருடம் இந்த விஷயத்தில் விசேஷமான வருடம். அந்த வருடம் 'ஏமி பிரென்டிஸ்' வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் துப்பறியும் பிரிவுக்குத் தலைமை ஏற்கிற பெண்ணாக ஜெசிகா வால்டர். எத்தனை பகுதி தெரியுமா? மூன்று. மூன்றே மூன்று நீண்ட பகுதிகள். அதற்கு 1975இல் எமி விருது! விருது மேடையில் ஏறும்போது தொடர் இல்லை. எமி, கோல்டன் குளோப், மறுபடியும் எமி என்று இந்தப் பெண்களுக்கு விருதுகள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. ஆகவே நன்றாக எடுக்கவில்லை, நன்றாக நடிக்கவில்லை, அதனால் நின்றுபோனது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அலைவரிசைகளின் கணக்குப் புத்தகத்தில் நின்றுபோனவை இவை. ஆண் பொலிஸ் தொடர் ஒன்று தோற்றால் அந்தத் தொடர் தோற்றது என்பார்கள். பெண் பொலிஸ் தொடர் தோற்றால் பெண் பொலிஸே எடுபடாது என்று ஒரு தலைமுறைக்கு முடிவு கட்டிவிடுவார்கள்.

அதே 1974இல் 'கெட் கிறிஸ்டி லவ்!' டெரீசா கிரேவ்ஸ் என்ற கறுப்பினப் பெண் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸின் துப்பறிவாளராக வந்தார். ஒரு மணிநேர நாடகத் தொடரின் நாயகியாக ஒரு கறுப்பினப் பெண் அமெரிக்கத் திரையில் வந்தது அதுவே முதல்முறை. முதலில் ஒரு தொலைக்காட்சிப் படம், பிறகு 22 பகுதிகள், 1975இல் முடிந்தது. இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். படப்பிடிப்புக் காலத்தில் இவர் யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்துவிட்டார். கொலை செய்கிற காட்சி வேண்டாம், பொய் சொல்கிற காட்சி வேண்டாம், கவர்ச்சி வேண்டாம் என்று நிபந்தனை வைத்தார். பொய்யும் துப்பாக்கியும் இல்லாமல் மாறுவேடப் பொலிஸ் தொடர் எடுப்பது எழுத்தாளர்களுக்கு எவ்வளவு கஷ்டம்! தொடர் பலவீனப்பட்டது அதனாலும்தான் என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெரிய நிறுவனத்துக்கு முன்னால், முதல் வாய்ப்பு கையில் இருக்கும்போதே, இதை நான் செய்யமாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? திரையில் செய்த எந்தச் சண்டையைவிடவும் அது பெரிய சண்டை. பிறகு நடிப்பை முழுதாக விட்டுவிட்டுச் சபையோடும் தன் தாயோடும் வாழ்ந்தார். 2002 ஒக்டோபரில் வீட்டில் பிடித்த தீயில் இறந்துபோனார். வயது 54.

1975இல் வந்த 'ஐசிஸ்' சிறுவர்களுக்கான சனிக்கிழமைக் காலைத் தொடர். ஜோஆனா கெமரன் நடித்தது, அதுவும் 22 பகுதிகள்தான். இவளும் ஆசிரியை! எகிப்திய அரசி ஹட்ஷெப்சூட்டின் பதக்கம் கிடைத்து வீராங்கனையாகிறாள். சிறுவர் நிகழ்ச்சி என்பதால் யாரையும் அடிக்கக்கூட மாட்டாள். நானும் ஆசிரியை என்பதால் ஜேமியும் ஐசிஸும் கரும்பலகை முன்னால் நிற்கிற காட்சிகளை விரும்பிப் பார்ப்பேன்.

இந்தத் தொடர்களில் எல்லாருக்கும் தொழில் உண்டு என்பதைக் கவனித்தீர்களா? ஆசிரியை, பொலிஸ், துப்பறிவாளர். பழிவாங்கப் புறப்பட்டவர்கள் இல்லை. கணவனைக் கொன்றவனைத் தேடவில்லை. சாமி வந்து ஆடவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலையில் ஓட்டமும் அடிதடியும் சேர்ந்திருக்கின்றன.

திரைக்குப் பின்னால் ஓடியவர்களையும் விடக்கூடாது. நாயகிக்குப் பதிலாகக் குதிக்க, ஆணுக்குப் பொய்முடி மாட்டி அனுப்புகிற வழக்கம் ஹொலிவூட்டில் நெடுங்காலம் இருந்தது. லின்ட்சி வாக்னருக்காகக் குதித்தவர் ரீட்டா எகில்ஸ்டன். அதே காலத்தில் 'வொண்டர் வுமன்' தொடரில் லின்டா கார்ட்டருக்காக மாடியிலிருந்து குதித்தவர் ஜீனி எப்பர். தலைமுறை தலைமுறையாகச் சண்டைத்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த எப்பர் 2024 மே மாதம் இறந்தார். அவரைப் பற்றி 'டபிள் டெயார்' என்று 2004இல் ஓர் ஆவணப்படம் வந்திருக்கிறது, கிடைத்தால் பாருங்கள். வயதான பிறகும் வேலை கேட்டுத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறார் அதில். அந்த நாரி நோவையும் முழங்கால் வலியையும் பார்த்தபோது அப்பாயி கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. இடுப்பு நோவாதா?

நம்முடைய பக்கம் வருவோம்.

தமிழில் இது இல்லாத ஒன்றல்ல, முன்னாலேயே இருந்தது. பம்பாயில் 1935இல் நாடியாவின் 'ஹன்டர்வாலி' வந்த கையோடு, 1937இல் தமிழில் 'மின்னல் கொடி' வந்துவிட்டது. கே. அமர்நாத் இயக்கிய படம், கே. டி. ருக்மணி நாயகி. வாள் சுழற்றுவதும் குதிரையேற்றமும் தமிழ்த்திரையில் அப்போதே ஒரு பெண்ணுக்குப் பெயர் வாங்கித் தந்தன. எங்கள் காலத்தில் அந்த இடத்தில் விஜயசாந்தி இருந்தார். 1990இல் தெலுங்கில் வந்த 'கர்த்தவ்யம்' தமிழ் பேசி 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆனது, அவருக்கு தேசிய விருதும் வாங்கிக்கொடுத்தது. தோட்டத்தில் அந்தக் கேசட் தேயத் தேய ஓடியது. ஆனால் சினிமா திருவிழாவுக்கு வருகிற விருந்தாளி. தொடர் வாராவாரம் வீட்டுக்கு வருகிறது. அந்தத் தொடரில் தமிழ்ப்பெண்கள் பெரும்பாலும் அழுதார்கள். 1998இல் சக்தி டீவி வந்து, பிறகு டிஷ் வந்து, லயத்துக் கூரைகளில் அன்டெனாவுக்குப் பதில் தட்டு முளைத்தது. அழுகை வர்ணத்தில் வந்தது.

அதனால்தான் 'உடான்' எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் தூரதர்சன் தெரிந்த காலத்தில் எங்கள் மலையில் அது தெரியாது. நான் அதைப் பார்த்தது வெகு தாமதமாக, யூடியூபில், பாதி ஹிந்தி விளங்கி பாதி விளங்காமல். கவிதா சௌத்ரி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். இந்தத் தொடரை எழுதியது, இயக்கியது, நடித்தது எல்லாம் அவரே. கதை அவருடைய சொந்த அக்காவின் கதை. அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா 1973ஆம் ஆண்டு அணியில் ஐ.பி.எஸ். ஆனவர், கிரண் பேடிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. 2004இல் உத்தராகண்ட் மாநிலத்தின் பொலிஸ் தலைவரானார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2019இல் காலமானார். சொத்துத் தகராறு ஒன்றில் அவருடைய அப்பா தாக்கப்பட்டபோது பொலிஸ் முறைப்பாட்டைக்கூடப் பதிவு செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பொலிஸாவதென்று முடிவெடுத்தார்.

முறைப்பாட்டை எடுக்காத பொலிஸ். இந்த இடத்தை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பாஷை தெரியாமல் நிலைய வாசலில் காலையிலிருந்து மாலைவரை நின்று திரும்பி வந்தவர்களை எல்லாத் தோட்டங்களிலும் காணலாம். கல்யாணியும் முறைப்பாடு எடுக்கிற அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை, துப்பாக்கி தூக்கிக்கொண்டு பழிவாங்கவும் போகவில்லை. படித்தாள், பரீட்சை எழுதினாள், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். தொப்பியைத் தலையில் வைக்கிற அந்தப் பெண்ணின் முகத்தில் கர்வம் இல்லை. நேரத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறேன் என்ற நிதானம். ஜேமியிடம் எங்கள் பெண்கள் கண்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் இயந்திரக்கால் தேவைப்பட்டது. இதில் அதுகூட இல்லை.

இந்தியாவில் கல்யாணியைப் பார்த்து பொலிஸ் வேலைக்குப் போனேன், கலெக்டர் பரீட்சை எழுதினேன் என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். 30 பகுதி அதற்குப் போதுமாக இருந்தது.

என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது கொழும்பில் ஊடகக்கல்வி படிக்கிறாள். மலையகத்தை வைத்து ஒரு குறுந்தொடர் எழுதவேண்டும் என்று என்னிடம் வந்தாள். யாரைப்பற்றி என்றேன். மீனாட்சியம்மாள் என்றாள். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையகத்தின் முதல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். 1931இல் ஹட்டனில் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்தில், வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் குற்றம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்று இன்றும் சொல்வார்கள். மீனாட்சியம்மாள் தொழிலாளர்களின் நிலைமையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடி ஆள் சேர்த்தார். எழுதியதைப் புத்தகமாகவும் போட்டார். கங்காணியும் துரையும் ஆண்ட மலையில், மேடையேறிப் பாடிய பெண். மாறுவேடம், அத்துமீறல், இரவு நடை, எல்லாம் ஏற்கெனவே கதையில் இருக்கின்றன. கற்பனையாகச் சேர்க்க ஒன்றும் வேண்டியதில்லை.

எத்தனை பகுதி வரும் என்று அவளுக்குக் கவலை. எந்த அலைவரிசை எடுக்கும், எடுத்தாலும் எத்தனை வாரம் விடுவார்கள் என்று கேட்டாள். ஏமி பிரென்டிஸின் கதையைச் சொன்னேன். மூன்று பகுதி கிடைத்தால் மூன்றை நன்றாக எழுது என்றேன்.

இப்போது எங்களுக்குள் ஒரே வழக்கு, முதல் காட்சி எது என்பதில். ஹட்டன் கூட்டத்தில் மீனாட்சியம்மாள் பாடத் தொடங்குவதில் ஆரம்பிக்கவேண்டும் என்கிறாள் அவள். பாட்டுக்கு நேரம் இருக்கிறது, முதலில் தோட்டத்துக் கேட்டடியைக் காட்டு என்கிறேன் நான். காவல்காரன் நிற்கிறான், இருட்டு, இந்த அம்மா உள்ளே போகவேண்டும். எப்படிப் போகிறார் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டால், பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.